இரண்டாம் முறை வராத மழை

ஒன்றும் தெரியாதவளால் ஊருக்கு ஆபத்தில்லை. நேற்று ராத்திரி படித்து முடித்தவளால்தான் ஆபத்து. மூன்று வருடத்துக்கு முன் நான் அப்படித்தான் இருந்தேன்.

பாண்டிச்சேரியில் சின்ன மென்பொருள் நிறுவனம். மரக்காணம் உப்பளக்காரர்களுக்கு மழை எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வேலை வந்தது. எங்கள் ஊராயிற்றே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சித்தப்பாவும் அந்த வருடம்தான் முதல்முறையாகச் சொந்தக் குத்தகையில் பாத்தி எடுத்திருந்தார்.

அப்போதுதான் 'ஆஸ்பெக்ட்' முறையைக் கற்றிருந்தேன். நிரலில் நூறு இடத்தில் எழுத வேண்டிய விதியை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் அது எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். (கடவுளுக்கு அடுத்த பதவி என்றே நினைத்தேன்.) அறிவிப்புகள் இரண்டிரண்டாக வருகின்றன என்று யாரோ புகார் சொல்ல, ஒரே செய்தி ஒரே நாளில் மறுபடி போகாதபடி ஓர் ஆஸ்பெக்ட் எழுதினேன்.

டீம் லீட் கவிதா அக்கா எட்டிப் பார்த்தார். "மழை மெசேஜுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்க்கா. ஒரே வரி."

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'மழை' என்று ஒருமுறை சொன்னால் வானத்தைப் பார்ப்பார்கள். மறுபடி சொன்னால்தான் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடி உப்புக் குவியலை மூடுவார்கள். உப்பள மேஸ்திரி எங்கள் மென்பொருள் வழியாகக் குறுஞ்செய்தியும் அப்படியே இரண்டு தடவை அனுப்புவார். இது எனக்குத் தெரியாததில்லை. பத்து வயதில் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து ஓடியிருக்கிறேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம் முதல் செய்தி போனது. இரண்டாவதை என் ஆஸ்பெக்ட் விழுங்கிவிட்டு, 'வெற்றிகரமாகத் தடுக்கப்பட்டது' என்று குறித்தும் வைத்தது.

சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, மேஸ்திரி ரெண்டு தபா அனுப்பிச்சேன்றாரு. எங்க யாருக்கும் ஒண்ணுதான் வந்துச்சி. அடுத்தது வரட்டும்னு உக்காந்துனு இருந்தோம்."

"உப்பு?"

"கரைஞ்சி போச்சி. எல்லாருதும்தான்."

சொன்னேன். இரண்டாவதைத் தடுத்தது நான் எழுதிய விதிதான் என்று.

"சரி வுடு. சாப்டியா?"

மறுநாளே அந்த விதியை நீக்கினேன். அந்த நஷ்டத்தில் சித்தப்பா குத்தகையை விட்டுவிட்டார். இப்போது ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு விடுதிக்கு வாட்ச்மேன்.

போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு எனக்கு மட்டும் மூன்று பத்திரிகை வைத்தார். "ரெண்டாவத இவ முழுங்கிடுவா. அதான் கூட ஒண்ணு சேத்து வெக்கிறேன்."

வீடே சிரித்தது. அந்தக் கதை வந்தால் எப்போதும் அவர்தான் முதலில் சிரிப்பார். அவர் சிரித்துவிட்ட பிறகு அந்த உப்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை.