நடு வாசம் திறக்கும் வரை

உயிர்களில் ஓரினம் உண்டு. மூக்கு வாய்த்திருந்தும், விளக்கம் கேட்காமல் எதையும் மோப்பதில்லை, பிறரை மோக்க விடுவதுமில்லை என்ற நோன்பை வழுவாது காக்கும் இனம். மண விரிவுரையாளர் என்று அதற்குப் பெயரிட்டுக்கொள்வோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, அது விளைந்த மலையின் உயரத்தைச் சொல்லி முடிக்கும் வரை குடிக்க விடாதவர். மாம்பழத்தை நறுக்கி வைத்து, அந்த மரத்தின் வரலாற்றைத் தொடங்கி, ஈ மொய்த்த பின்னும் நிறுத்தாதவர். பழைய உரையாசிரியர்களாவது மூலத்தை முதலில் படிக்க விட்டார்கள். இவரிடம் அந்தக் கருணையும் கிடையாது.

இவ்வினத்தின் குறைவற்ற மாதிரி புதுக்கோட்டை ஆத்மநாதன். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தை, அதில் மலர் கொய்வோரை, யானையை, மீனை, ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியவர். அந்தக் குளத்தை எங்கோ ஒரு நிறுவனத்தார் குப்பியில் அடைத்து விற்கிறார்கள் என்று அறிந்தபோது அவர் கண்கள் பனித்தன. வாசனைத் திரவியத்தின் பெயர் ‘பொய்கை’. ஆண் பெண் இருவர்க்கும் பொது. குப்பி கட்டைவிரல் உயரம். உடன் வந்த சிறுநூல் பதினாறு பக்கம். மேல் வாசம், முறித்த தாமரைத் தண்டு. நடு வாசம், ஓவியர் பூசிய ஈரச் சுண்ணாம்பு. அடி வாசம், வௌவால் உறையும் குகையிருள்.

ஆத்மநாதன் குப்பியை ஒருமுறை மோந்தார். சிறுநூலை நாற்பது முறை படித்தார்.

“ரெண்டு பேருக்கும் பொதுவா?” என்றார் அவர் மனைவி சொர்ணம். “நம்ம வீட்டுல சோப்பு இருபத்தாறு வருசமா அப்படித்தானேங்க இருக்கு?”

வீட்டுக்கு வந்தவர் எவராயினும் மணிக்கட்டை நீட்டியாக வேண்டும். ஒரு துளி விழும். வந்தவர் பழக்கத்தில் மணிக்கட்டைத் தேய்க்கப் போவார். “தேய்க்காதீங்க! சித்திரம் கலைஞ்சுரும்!” பிறகு, நல்லா இருக்கு என்று சொல்லி எழப் பார்ப்பார். “அவசரப்படாதீங்க. இன்னும் திறக்கலை.” நடு வாசம் திறக்க நாற்பது நிமிடம். எரிவாயு கொண்டுவந்த ஐயனார், தோளில் சிலிண்டரோடு யானை வரை கேட்டிருக்கிறார். இறைவனுக்கு நாள்தோறும் சந்தனம் சாத்துகிறார்கள். எந்த மலை என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆத்மநாதனுக்குத் தனிச் சன்னதி கிடைத்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதுதான் கதையில் இடர். காவ்யா, மீமிசல் எழிலரசனை விரும்பி, இரு வீட்டாரையும் இணங்கச் செய்ய இரண்டாண்டு பாடுபட்டவள். எழிலரசனின் தாய் கண்ணாத்தாள் மீன் வியாபாரி. கரையிறங்கிய மீன் எத்தனை மணிக்கு வலையில் பட்டது என்று கூடையை அணுகாமலே சொல்லும் மூக்கு அவருடையது. அந்தக் கரையில் அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. அவர் சம்மதத்தோடு ஓர் எச்சரிக்கையும் வந்திருந்தது. “படிச்ச வீடு. நம்ம மேல மீன் வாடை அடிக்கிதுன்னு எவனாச்சும் மூக்கைச் சுளிச்சான், வேனை அப்பவே திருப்பிருவேன்.”

காவ்யா தந்தையிடம் கெஞ்சினாள். “அப்பா, நிச்சயதார்த்தத்தன்னைக்கு மட்டும் வாசனையப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம்?”

“சத்தியம்” என்றார். மீறவில்லை என்பதே இன்றுவரை அவர் கட்சி. பொய்கை வாசனையன்று, கலை வரலாறு.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு இராகு காலம் பிறக்கும்; அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும். வல்லத்திராக்கோட்டைச் சாலையில் மண்டபம். பதினொன்று பத்துக்கு இரண்டு வேன்களில் மீமிசலார் அறுபது பேர் வந்திறங்கினர். வாசற்படியில், பன்னீர் தெளிக்க வேண்டிய பெண்களை விலக்கிவிட்டு, செம்பும் கையுமாக ஆத்மநாதனே நின்றார். செம்புத் தண்ணீரில் பன்னீர் இல்லை. எது இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

முதல் தெளிப்பு கண்ணாத்தாள் மேல் விழுந்தது. அவர் நின்றார். அறுபது பேரும் நின்றார்கள்.

“என்ன வாத்தியாரே, இது பன்னீர் மாதிரி தெரியலையே?”

“இல்லைங்க சம்பந்தியம்மா. உங்களுக்குன்னே தனியா ஏற்பாடு பண்ணினது.”

“எங்களுக்குன்னேவா?” கண்ணாத்தாள் குரல் தாழ்ந்தது. “மீன் வாடை உள்ள வந்துரும்னு வாசல்லயே கழுவி விடுறீகளாக்கும்?”

உள்ளே சொர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டார். எழிலரசன் வேனின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான். ஆத்மநாதன் முகத்திலோ மலர்ச்சி.

“மீனா? இதுக்குள்ளயே மீன் இருக்குங்க! குளத்து மீன்! ஆறாம் பக்கம்!”

கண்ணாத்தாளுக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் மூக்கு தன் தொழிலைத் தொடங்கிவிட்டது. கையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். “மீனா? இதுலயா? யாரு சொன்னது? மீன் கெடையாது. தாமரத் தண்டு இருக்கு, முறிச்சு ரெண்டு நாளான தண்டு. பெறகு காயாத சுண்ணாம்பு. அடியில...” முகம் சுளித்தார். “வவ்வால் எச்சம். ஏன் வாத்தியாரே, மண்டபத்துக்கு இப்பத்தான் வெள்ளையடிச்சீகளா?”

ஆத்மநாதன் செம்பை இறக்கிவைத்துக் கைகூப்பினார். ஐந்து மாதமாக அவர் எத்தனை மணிக்கட்டுகளைக் கண்டிருக்கிறார்! ஒருவருக்கும் சுண்ணாம்பு எட்டியதில்லை. அவருக்கே எட்டியதில்லை, ஏட்டில் கண்டதுதான். “அம்மா! நாப்பது நிமிசம் ஆகும்னு போட்டிருக்கான். நீங்க ஒரே மூச்சுல அடி வரைக்கும் போயிட்டீங்க! இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு மூக்கு கெடையாதுங்க!”

அறுபது பேர் முன்னிலையில், படித்தவர் ஒருவர் கண்ணாத்தாளின் மூக்கை வணங்கிவிட்டார். கண்ணாத்தாள் பின்னால் திரும்பினார். வந்த உறவினர் உள்ளே நுழையப் பார்த்தனர்; கண்ணாத்தாள் செம்பை எடுத்து அவர்கள் கைமேல் தெளித்தார்.

“நில்லுங்கடி! கையக் காட்டு. தேய்க்காதே. சுண்ணாம்பு வருதா?”

“வரலையே ஆத்தா.”

“அவசரப்படாத. இன்னும் தெறக்கலை.”

அவ்வாறாக வாசற்படியில் மண விரிவுரையாளர் ஒருவர் இருவரானார். ஒருவர் சிறுநூலை வாசிக்க, ஒருவர் மூக்கால் பிழைதிருத்தினார். மணி பதினொன்று நாற்பத்தைந்து. கண்ணாத்தாள் நுழையாத இடத்தில் அவர் கணவர் சோலையப்பன் நுழைந்ததில்லை. தட்டை ஏந்தியபடி வெயிலில் நின்றார். மாப்பிள்ளை வீட்டாரைச் சமையற்கட்டு வழியாக அழைப்பதற்கில்லை. வாசற்படிக்கு இப்பாலிருந்து அப்பால் தட்டு மாற்றுவதற்குமில்லை. பதினொன்று ஐம்பது. “என்னங்க!” என்று உள்ளிருந்து சொர்ணம் கூப்பிட்டது குகையிருளில் கரைந்தது.

காவ்யா எழுந்தாள். அலங்காரத்தோடு சமையற்கட்டைத் தாண்டி, தாயையும் தாம்பூலத் தட்டையும் இழுத்துக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றி முன்பந்தலுக்கு வந்தாள். அழவில்லை. சண்டையிடவுமில்லை. அந்த இனத்தோடு பிறந்து வளர்ந்தவள். அதன் உணவு எதுவென்று அறிவாள்.

“அப்பா! அத்தை! அங்கிட்டு நின்னா எப்படித் தெரியும்? காத்து இங்கிட்டுல வீசுது. அடி வாசத்துக்குப் பின்னால இன்னொண்ணு வருது. யானையான்னு தெரியலை!”

பதினாறு பக்கத்தில் யானையின் வாசம் இல்லை.

இருவரும் மூக்கை உயர்த்தியபடி பந்தலுக்கு ஓடிவந்தார்கள். சொர்ணம் கணவர் கையில் தட்டை வைத்தார். எதிரே சோலையப்பன் தட்டோடு ஆயத்தமாக நின்றார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தட்டு மாறியது. மாற்றிய கைகளுள் ஒன்றுக்குரியவர் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார்: “யானை வருதுங்களா சம்பந்தியம்மா?”

“வராது வாத்தியாரே. ஆனா இவ கெட்டிக்காரி.” கண்ணாத்தாள் மருமகளைப் பார்த்துச் சொன்னார். மூக்கு இம்முறையும் தவறவில்லை.

திருமணம் நல்லபடி நடந்தது. இப்போது மீமிசலில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் ஒரு நூதன வழக்கத்தைக் கண்டு திகைக்கிறார்கள். கண்ணாத்தாள் ஒரு வஞ்சிர மீனை உயர்த்திக் காட்டுகிறார். விலை கேட்கிறார்கள். “அவசரப்படாதீக” என்கிறார். ஐஸ் உருகுகிறது.

நல்ல வேளை, நாம் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று நீங்கள் மகிழ்வது தெரிகிறது. மகிழுங்கள். ஆனால் சற்றுமுன், வெறும் தாளில் ஈரச் சுண்ணாம்பு என்று படித்தபோது உங்கள் மூக்கு இலேசாக விடைக்கவில்லையா? வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, “இங்க வா, இதைக் கேளு, ஆனா முதல்ல ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்க இப்போதே நா துடிக்கவில்லையா? துடித்தால் குற்றமில்லை. தொடங்குமுன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிற்பது வாசற்படியா?