நாலு ரிவர்ஸ் கியர் கம்பவுண்டர்

நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் உள்ள காரைக் கடைத்தெருவில் ஓட்டிக் காட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கடத்தூர்க் கம்பவுண்டர். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது எழுதினால் நான் நம்பத் தயாராக இல்லை.

கம்பவுண்டர் என்றதும் மனிதர்களுக்கு மருந்து கலந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் அவரை நன்றாகத் தெரியும். தூரத்தில் கண்டாலே பின்வாங்கும். நான் அந்த ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்து அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அவர் தனி ஆள், மேலே நான் தனி ஆள். "தண்ணி வருதுங்களா டீச்சர்?" "வருதுங்க சார்." முதல் ஆறு மாதம் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் இவ்வளவுதான்.

வாசலில் அவருடைய பழைய வெள்ளைக் கார் நிற்கும். கிளம்பினால் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளை வரும். தெரு நாய்கள் பதில் ஊளை போடும். மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டிஃபரன்ஷியல் போயிடுச்சுங்க. உள்ள பல்லெல்லாம் தேஞ்சு கெடக்குது. இதுக்கு வேலை செய்யற ஆளும் இப்ப இல்ல. எடைக்குப் போட்டுடுங்க."

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் குடம் போல இருக்கிறதே, அதற்குள் உள்ள பல்சக்கரங்கள்தான் டிஃபரன்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற அது வழிவிடும். எனக்கு இது அப்போது தெரியாது. கம்பவுண்டருக்கும் தெரியாது.

அவருடைய மகன் பெங்களூரில் இருந்தான். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் அந்தக் குடும்ப விவகாரம் தெருவுக்கே பாடம்.

"அம்மாவும் போயிட்டாங்க. தனியா அங்க என்னப்பா பண்றீங்க? அந்த வண்டியத் தள்ளிவிட்டுட்டு இங்க வந்துடுங்க."

"தை மாசம் பேத்தி பொறந்த நாளுக்கு இதே வண்டிய நானே ஓட்டிக்கிட்டு வரேன்டா. வழியில நின்னுச்சுன்னா உன் வூட்டுலயே இருந்துக்கறேன். நிக்காம வந்துட்டேன்னா திரும்பிப்போயி என் வூட்டுல இருப்பேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மகன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். சிரித்ததுதான் தப்பு. மறுநாளே கம்பவுண்டர் சேலத்துக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் தேடி, தேயாத பல்சக்கர ஜோடி ஒன்றைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

வாத்தியார் ஒரு வெள்ளைக்காரர், வீடியோவில். அவர் பேசும் இங்கிலீஷ் இவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. நான் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டேன். "மாடு எங்கிட்டத் தமிழ்லயா சொல்லிச்சு? பாத்துப் பாத்துத்தான டீச்சர் வைத்தியம் பண்ணேன்!" என்றார்.

வைத்தியம் பிரசவத்தில் ஆரம்பித்தது. காருக்கு அடியில் படுத்து, அந்த இரும்புப் பிண்டத்துக்குக் கயிறு கட்டி, காலை உதைத்து ஊன்றி இழுத்தார். "வா சாமி... வந்துடு... அவ்வளவுதான்..." அது பொத்தென்று வெளியே வந்ததும் சாக்கால் மேலெல்லாம் துடைத்துவிட்டார். நக்கிவிடத் தாய்தான் இல்லை.

பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, அவற்றின் மேல் சாயம் பூசிச் சுற்ற வேண்டுமாம். எந்த இடத்தில் சாயம் அழிகிறதோ அந்த இடத்தில்தான் பல் உரசுகிறது. வெள்ளைக்காரர் அதற்கென்றே ஒரு சாயம் வைத்திருந்தார். கம்பவுண்டரிடம் மாட்டுப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்துதான் இருந்தது. ஒரு மாதம் அவர் உள்ளங்கை ஊதா. அந்தக் கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை ஊதாக் கையோடு கும்பிடுகிறார்.

எல்லாம் மாட்டியாயிற்று. தெரு கூடியது. கம்பவுண்டர் ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கார் கம்பீரமாகப் பின்னால் போய், எதிர்க்கடைத் தக்காளிப் பெட்டிகள் மேல் ஏறி நின்றது.

"முன்னால போங்க சார்!"

"முன்னாலதான்யா போட்டிருக்கேன்!"

செகண்ட் போட்டாலும் பின்னால்தான் போனது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது. வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டு இறங்கியிருப்பார். இவர் ரிவர்ஸ் கியரிலேயே மெல்ல ஊர்ந்து கடைத்தெரு வரை போய், அரைக் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வண்டியைத் திருப்பாமலே, கழுத்தை மட்டும் திருப்பி, நாலு கியரிலும் பறந்து வந்து சேர்ந்தார்.

வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தலைகீழா மாட்டிட்டேன் டீச்சர். எத்தனை கன்னுக்குட்டிய வயித்துக்குள்ள கைய விட்டுத் திருப்பிப் போட்டிருக்கேன்! இது தெரியாமப் போச்சே."

மறுபடி பிரசவம். இந்தத் தடவை நேராகவே மாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். காரின் பின்பக்கம் கட்டைகள் மேல் நின்றது. கம்பவுண்டர் வலது சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார். உடனே எழுந்து இடது பக்கம் ஓடுவார். அவர் போய்ச் சேருவதற்குள் இடது சக்கரம் நின்றிருக்கும். திரும்ப ஓடி வலதைச் சுற்றுவார். திரும்ப இடதுக்கு ஓடுவார். வேண்டுதலோ என்று நினைத்து நானும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது சுற்றில் மூச்சு வாங்க நின்று, மேலே பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் எறங்கி வரீங்களா? அந்தப் பக்கம் பாக்க ஆள் இல்ல."

போய் இடது சக்கரத்தருகே உட்கார்ந்தேன். காருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"சுத்துதுங்களா?"

"சுத்துதுங்க சார். ஆனா நீங்க முன்னால சுத்தினா இது பின்னால சுத்துது."

"அப்படித்தான் சுத்தணும்! அப்ப உள்ள எல்லாம் சரியா இருக்குது."

இடது சக்கரம் இன்னொரு தடவை சுற்றி நின்றது. பிறகு சொன்னார்:

"எங்க வூட்டுக்காரம்மாதான் அங்க நிக்கும். பின்னால லைட் எரியுதா, ரிவர்ஸ்ல இடிக்குதான்னு அதுதான் பாத்துச் சொல்லும். மத்த எல்லா வேலையும் ஒத்த ஆளா செஞ்சுடலாம் டீச்சர். இந்த ஒண்ணு மட்டும் முடியல."

நல்லவேளை, நடுவில் கார் இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. "நான் ஞாயித்துக்கிழமை வூட்டுலதான் சார் இருப்பேன்" என்று சொல்லி வைத்தேன். அவருடைய 'வூடு' எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தை மாதம் வந்தது. கார் புறப்பட்ட அன்று பள்ளியில் நான் போட்ட கணக்கு ஒன்றுகூடச் சரியில்லை, பிள்ளைகள் திருத்தினார்கள். சாயங்காலம் போன் வந்தது.

"டீச்சர், வந்து சேந்துட்டேன்! ஒரு சத்தமில்ல. பையன் வாசல்லயே நிக்கறான், வண்டி வந்தது அவனுக்குக் கேக்கவே இல்ல!"

மூன்றாம் நாள் திரும்பினார். தெருவே கைதட்டியது. எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கூட்டம் கலைந்ததும் பூட்டைத் திறந்து, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பந்தயத்தில் அவர் ஜெயித்தது அதைத்தான். மாடிப்படியில் நின்று பார்த்த நான் கையிலிருந்த மைசூர்பாகைத் தின்னாமலே மேலே எடுத்துப்போனேன்.

அதற்குப் பிறகு கார் மக்கர் செய்யவே இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் கட்டை மேல் ஏற்றுவார், நான் இடது பக்கம் உட்காருவேன். "சுத்துதுங்களா?" "சுத்துதுங்க சார்."

இப்போது நான் மாற்றலாகி வேறு ஜில்லாவுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடியோ கால் வரும். கம்பவுண்டர் போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். திரையில் அவர் முகம் இருக்காது. ஓர் இடது சக்கரம் மட்டும் தெரியும். அந்தச் சக்கரத்துக்கு ஒரு கோளாறும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த ஊரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் எட்டரை மணிக்கே போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.