ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது

போனை எடுக்கவே எடுக்காதவர்கள் உண்டு. எடுத்தால் வைக்கத் தெரியாதவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் மன்னித்துவிடலாம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வருகிற எந்த அழைப்பையும் தவறவிட மாட்டார்கள், எடுத்த எந்த அழைப்பையும் பேசி முடிக்கவும் மாட்டார்கள். நீங்கள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பாதி விஷயத்துக்கு வந்திருப்பீர்கள். "ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்று உங்களை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் உங்களுக்கு வாத்திய இசைதான்.

நம் கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவு பார்த்துக் கண்ணாடி வெட்டித் தருகிற தொழில். தொலைபேசிக் கம்பெனி என்னென்ன வசதி தருகிறதோ அத்தனையும் வாங்கி வைத்திருந்தார். பேசும்போது வேறு யாராவது கூப்பிட்டால் காதில் 'பீப்' அடிக்கும். காத்திருக்கிறவர்கள் வரிசை நிரம்பிவிட்டால் அடுத்த அழைப்பு மச்சான் போனுக்குத் திரும்பிவிடும். மச்சானை யார் கேட்டார்கள்? அந்த மனிதர் தன் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஊரார் வீட்டு ஜன்னல் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். கொஞ்சம் சிக்கல் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கடைக்காரருக்குக் காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாமே என்கிறீர்களா? இருந்தார். அவருடைய போன் அலறிய அலறலில் நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டார். கடையில் போய் இருங்கள், விஷயம் தெரிந்ததும் கூப்பிடுகிறோம் என்று மனைவியும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

போன் வந்தது. மாப்பிள்ளை.

"மாமா..."

பீப்.

"இருங்க மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில இருந்து கால் வர்ற மாதிரி இருக்கு."

மாப்பிள்ளை எங்கிருந்து பேசுகிறார் என்று யோசிக்க நேரம் ஏது? இந்தப் பக்கம் வந்தவர் ஒரு மாடி வீட்டுக்காரர். அலமாரிக் கதவுக்கு நீளம் சொல்லி, அகலம் சொல்வதற்குள் பீப். மனைவி. அவள் வாயைத் திறப்பதற்குள் பீப். சரக்கு ஏற்றிவந்த லாரிக்காரர். இப்படி ஆஸ்பத்திரியைத் தேடித் தேடி, ஆஸ்பத்திரியையே காக்க வைத்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. பாவம், பெற்ற வயிறு மட்டுமா பதறும்?

காத்திருந்து அலுத்துப்போன மாப்பிள்ளை இணைப்பைத் துண்டித்து மறுபடி கூப்பிட்டபோது அது மச்சானிடம் போனது. சேதியைக் கேட்ட மச்சான், இதைப் போனில் சொன்னால் வேலைக்கு ஆகாது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். "அத்தான்" என்றார். கடைக்காரர் காதிலிருந்து போனை எடுக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். எதிரே ரத்தமும் சதையுமாக நிற்கிற ஆளையும் காக்க வைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மச்சான் போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தார்.

"பொண்ணு பிறந்திருக்கு அத்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

கடைக்காரர் அழுதுவிட்டார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி அத்தனையிலும் அவரே அழுதார். உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை அனுபவசாலி. போனைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். வீல் என்று ஒரு சத்தம். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய ஆயுளிலேயே அவர் முழுதாகக் கேட்கப்போகிற முதல் அழைப்பு என்று மச்சானுக்கும் தோன்றியது.

பீப்.

கடைக்காரர் கண்ணைத் திறந்தார். "ஒரே நிமிஷம் இரு கண்ணு" என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாரே, அது என்ன விஷயம், சொல்லுங்கள் பார்க்கலாம்?