உஷாராணி ஆடிய சிசிலியன்

இனிமேல் தோற்பதில்லை என்று தீனதயாளன் முடிவெடுத்தது பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரையோடு அதை அறிவித்ததால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் அறிவித்தார். அப்போதும் புரியவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார் தீனதயாளன். ஐம்பது வயதுக்கு மேல் செஸ் பித்துப் பிடித்துவிட்டது. பல்லு முளைத்தபோதே காய் நகர்த்த ஆரம்பித்த பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் போய் ஜெயிப்பதைப் போனில் பார்த்துப் பார்த்து, நமக்கு மட்டும் என்ன குறை என்று அவருக்குத் தோன்றியது. காலையில் புதிர், மத்தியானம் வீடியோ, சாயங்காலம் முகம் தெரியாத யாரிடமாவது தோல்வி. பட்டறைக்கு வந்த ஒரு லாரி ஓனர், "பின்கதவு எப்பங்க மாட்டுவீங்க?" என்று கேட்டதற்கு, "அவசரப்பட்டா நடு ஆட்டத்துல மாட்டிக்குவோமுங்க" என்றார். அந்த மனிதர் பயந்துபோய் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

பக்கத்து வீட்டு முட்டை வியாபாரி அருணகிரிக்கும் இதே வியாதி. இருவரும் சனிக்கிழமைதோறும் ஆடுவார்கள். தீனதயாளன் சனிக்கிழமைதோறும் தோற்பார். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்று. நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஜெயித்தால் உலகப் பட்டத்துக்கே மோதலாம். அருணகிரி வீட்டுப் பெரிய டிவி முன்னால் மத்தியானமே இடம் பிடிப்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஜலகண்டாபுரத்தில் மாரியாயி நோம்பி, ஊரே கூடிப் பொங்கல் வைக்கும் திருவிழா. தீனதயாளனின் மனைவி உஷாராணிக்கும் அதுதான் பிறந்த ஊர், அருணகிரியின் மனைவி சௌந்திரத்துக்கும் அதுதான் பிறந்த ஊர். செஸ் நடத்துகிறவர்கள் நோம்பியை விசாரித்துவிட்டுத் தேதி வைக்கக் கூடாதா என்று தீனதயாளனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

"ஏனுங்க, நாயித்துக்கெழம காரெடுங்க. பொங்கப் பானையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போக முடியாது."

"நாயித்துக்கெழமையா? கடைசி ரவுண்டாச்சே உஷா."

"போன வருசமும் கடைசி ரவுண்டுன்னீங்க. அதுக்கு முடிவே கெடையாதுங்களா?"

"அது வேற போட்டி, இது வேற. உனக்குச் சொன்னாப் புரியாது. அதுக்கெல்லாம் செஸ்ஸு தெரியோணும்."

"அப்ப எங்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா நான் வாயத் தொறக்க மாட்டேன். ஜெயிக்கலீன்னா காரெடுக்கோணும். சௌந்திரக்காவும் வரும்."

தீனதயாளன் விழுந்து விழுந்து சிரித்தார். முன்பு ஒரு தடவை ஆடியபோது யானையைக் குறுக்காக நகர்த்திவிட்டு, "யானைக்கு யாருங்க வழி சொல்றது?" என்று கேட்டவள் இவள். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்று முடிவானது. வழக்கமான ஆட்டத்துக்கு வர முடியாது என்று சொல்ல அருணகிரியைக் கூப்பிட்டால், "எனக்கும் கொஞ்சம் சோலி இருக்குதுங்க மாப்ள" என்று அவரே முந்திக்கொண்டார். பெண்டாட்டியோடு ஆடப்போகிறேன் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால், தீனதயாளனும் என்ன சோலி என்று கேட்கவில்லை.

"நீங்களே வெள்ளக்காய எடுத்துக்குங்க" என்றாள் உஷாராணி. அவர் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அவள் பலகையையும் அவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தாள்.

"போட்டோ எதுக்கு?"

"நித்யஸ்ரீக்கு அனுப்பறேன். அப்பா யோசிக்கிற அழகப் பாக்கட்டும்."

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் பார்க்கப்போகிறாள் என்றதும் தீனதயாளன் தலையைச் சீவிக்கொண்டார். அவள் "குழம்பு அடி புடிக்குது" என்று சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து, ராணிக்குப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற கறுப்புச் சிப்பாயை இரண்டு விரலால் தூக்கி இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள்.

கறுப்புக்காய்க்காரர்கள் ஆட்டத்தைத் தொடங்கும் பேர்போன முறை அது. தீனதயாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு சிசிலியன் யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதென்னங்க, பலகாரமா?"

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு காய் வைப்பார், அவள் ஒரு போட்டோ எடுப்பாள், குழம்பைப் பார்க்கப் போவாள், வந்து ஒரு காயை வைப்பாள். வைத்த காய் சரியாக அவர் அடிமடியில் கை வைக்கும். ஒரு குழம்புக்கு இத்தனை தடவை என்ன கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை. நடுநடுவே பக்கத்து வீட்டிலிருந்து அருணகிரியின் சிரிப்புச் சத்தம் வேறு கேட்டது. டிவியில் காமெடி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

தன்னுடைய ராணிக்காய் வெட்டுப்பட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. செஸ் உலகத்தில் நடக்கிற திருட்டுத்தனமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கழிப்பறையில் போனை ஒளித்து வைத்து, கம்ப்யூட்டரிடம் கேட்டு ஆடுகிறவர்கள் உண்டு.

"போனக் குடு."

மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அனுபவப்பட்ட நடுவர் போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். காலண்டர், தங்கம் விலை, சமையல் குறிப்பு. செஸ் ஆடுகிற செயலி ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பை மட்டும் திறக்கவில்லை. பெண்டாட்டியின் மெசேஜைப் படிப்பது நாகரிகம் இல்லை என்பது அவர் கொள்கை.

"சுத்தமா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, அழுக்கா இருக்குமுன்னு நெனச்சீங்களா?"

குழம்பு இறங்குவதற்குள் அவருடைய ராஜாவும் இறங்கிவிட்டார். தீனதயாளன் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். இருபத்தைந்து வருடமாக ஒரு மேதையோடு குடும்பம் நடத்திவிட்டு, ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்லியிருக்கிறோமே என்று மனசு கலங்கியது. அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதில்மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அருணகிரி நின்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பாவமுங்க மாப்ள நீங்க. நான் பொழச்சேன். நேத்து சௌந்திரத்தோட ஒரு ஆட்டம் பந்தயம் வெச்சு ஆடி ஜெயிச்சுப்போட்டேன். இல்லீன்னா நாந்தான் இன்னைக்கு டிரைவரு."

"சௌந்திரத்துக்கு ஆடத் தெரியுமுங்களா?"

"எங்க தெரியுது? ஆனா பரவால்லீங்க, உங்களாட்டமே ஆடறா. குதிரையக் கொண்டுபோயி ஓரத்துல நிறுத்தி வெச்சு, ராணியப் பறிகுடுத்துட்டா."

தீனதயாளனின் கை காரின் மேல் நின்றுவிட்டது. அவரும் நேற்று குதிரையை ஓரத்தில்தான் நிறுத்தியிருந்தார்.

"சௌந்திரம் வெள்ளக்காயிங்களா?"

"ஆமாங்க. அடுப்புல குழம்பு வேற. காய வெக்கறதும் உள்ள ஓடறதுமா ஒரே கூத்து. போட்டோ வேற எடுத்துக்கிட்டே இருந்தா."

அப்போதுதான் தீனதயாளனுக்கு விளங்கியது. அவர் வைத்த காயெல்லாம் போட்டோவாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. அருணகிரி வைத்த காயெல்லாம் போட்டோவாக இங்கே வந்திருக்கிறது. பெண்டாட்டியிடம் தோற்றதாக நினைத்தது வீண். வழக்கம்போல அருணகிரியிடம்தான் தோற்றிருக்கிறார். இதை மதிலுக்கு அந்தப் பக்கம் சொன்னால் அந்த மனிதர் இன்னொரு டீ குடிப்பார் என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

பொங்கல் பானையோடு இரண்டு பெண்களும் பின்சீட்டில் ஏறினார்கள். நாமக்கல்லைத் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"உஷா, நேத்து நான் யாரு கூட ஆடுனேன்?"

"அருணகிரி அண்ணங்கூடத்தானுங்க" என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதைப்போல.

"இது மோசடி இல்லையா?"

"நீங்கதான போன வாங்கிப் பாத்தீங்க? சுத்தமா இருக்குதுன்னீங்க."

"எங்கூட்டுக்காரரு தோத்திருந்தா அவரு கார்ல போயிருப்போமுங்கண்ணா" என்றாள் சௌந்திரம். "அதுல ஏசி நல்லாருக்கும்."

தீனதயாளன் ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தார். யார் தோற்றாலும் ஒரு கார் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்புத்தான். திருச்செங்கோடு தாண்டியதும் அவர்கள் திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது அவருக்குப் பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஜெயிக்காம ஆட்டம் சமமா முடிஞ்சிருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஜெயிக்கலீன்னா காரெடுக்கோணும்னுதான ரெண்டு பேருகிட்டயும் பேச்சு?" என்றாள் உஷாராணி. "ரெண்டு காரும் வந்திருக்குமுங்க. நாங்க அதத்தான் வேண்டிக்கிட்டோம். திரும்பி வாரப்ப எங்கம்மா, சௌந்திரக்கா அம்மா, சித்தி, சித்தி புள்ளைக எல்லாம் நம்மூட்டுக்கு வாராங்க. இப்ப பாருங்க, நீங்க ஒருத்தரே ரெண்டு நடை அடிக்கோணும்."