ஏழு மாதத்து நாக்கு

நான்காவது நாளாக மகன் துப்பினான். இந்த முறை கூழ் சுவர்வரைக்கும் போயிற்று.

"எத்தன ஸ்பூன் போச்சு?" குளியலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உள்ளயா, வெளியவா?"

குழந்தைக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிய இன்னும் பத்தே நாள். அதற்குள் பிள்ளை கரண்டியில் சாப்பிடப் பழகாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பத்து வருடம் முட்டி மோதி வாங்கிய மேற்பார்வையாளர் பதவி அது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் கணவரை வதைத்தது.

காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. கேட்டு வாங்கிக்கொண்டது. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். தினமும் இருநூறு கோப்பைகள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தரம் எழுத வேண்டும். அப்பேர்ப்பட்ட நாக்குக்கு ஒரு குழந்தைக்கான கூழைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா?

தடுப்பூசி போட்ட நர்ஸ் ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்திருந்தார். "பெரியவங்க காலையில சாப்பிடற டப்பாவ வாங்கிடாதீங்க சார். அதுல உப்பு ஜாஸ்தி. லேபிளப் பாத்து வாங்குங்க."

அவர் லேபிளைப் பார்த்தார். ஆனால் நம்பியது நாக்கைத்தான்.

முதல் டப்பா கோதுமை. மகனை எதிரே உட்கார வைத்து, ருசி பார்த்து, துப்பி, 'லேசான உப்பு' என்று நோட்டில் எழுதிவிட்டு ஊட்டினார். மகன் துப்பினான். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"என் நாக்கு அப்படியே வந்திருக்கு."

"நாக்கு வந்தது சரி. கூழு போகணுமே" என்றாள் மனைவி.

இரண்டாவது டப்பா ஓட்ஸ். உப்பு பாதிதான். மகன் இரண்டு மடங்கு வேகத்தில் துப்பினான். மூன்றாவது டப்பாவில் உப்பே கிடையாது என்று போட்டிருந்தது. அவர் கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, வெகுநேரம் தேடி ஒரு சாயலைக் கண்டுபிடித்தார்.

"பேக் பண்ற மிஷின்ல ஒட்டியிருந்திருக்கும்."

"என்னங்க, மிஷினயா சந்தேகப்படறீங்க?"

"பின்ன குழந்தையவா?"

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து ஏழு வெள்ளைக் கிண்ணங்களையும் ஒரு சின்ன வாளியையும் கொண்டுவந்தார். அரிசி, ஓட்ஸ், சோளம் என்று ஏழையும் வரிசையாகக் கரைத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். மகன் அசையாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏழையும் துப்பினான். ஆறவைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். அதையும் துப்பினான்.

மனைவி மேசையைத் துடைத்துவிட்டு, வெள்ளைத்தாளை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

ஊரார் குடிக்கும் தேநீருக்கெல்லாம் தரம் சொல்கிறவர், சொந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டி ஊட்டத் தெரியாமல் மனைவியின் உத்தியோகத்துக்கு உலை வைத்துவிட்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் ராஜினாமாவ எழுதாத. நர்ஸ ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

திங்களன்று நர்ஸ் குழந்தையை எடைபோட்டார். எடை குறையவில்லை, தாய்ப்பால் காப்பாற்றியிருந்தது. வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். அங்கும் கோளாறில்லை.

"வீட்ல எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே இங்க ஊட்டுங்க. நான் பாக்கறேன்."

அவர் பையைத் திறந்தார். கிண்ணம், கரண்டி, நோட்டு, வாளி எல்லாம் வெளியே வந்தன. உப்பில்லாத அரிசிக் கூழை ஒரு வாய் எடுத்து, உருட்டி, வாளியில் துப்பி, குறிப்பெழுதினார். பிறகு மகனுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். மகன் அதை ஆர்வமாக வாங்கி, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, துப்பினான்.

"பாத்தீங்களா சிஸ்டர்? இதுலயும் எங்கயோ உப்பு இருக்கு. இதவிடக் கம்மியா எந்த டப்பா கிடைக்கும்னு சொல்லுங்க, எங்க இருந்தாலும் போய் வாங்கிட்டு வரேன்."

நர்ஸ் வாளியை எடுத்து மேசைக்கடியில் வைத்தார்.

"டப்பால ஒண்ணுமில்ல சார். சாப்பிடறதுன்னாலே இப்படித்தான்னு நினைச்சிட்டிருக்கான். நீங்க ஒரு வாய் முழுங்கி அவன் பாத்ததே இல்லையே."