கிருபாபாய் டீச்சரின் தெற்குச் சுவர்

டிரெய்லரின் பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கிய சத்தத்தில் பாதிச் சங்கரன்கோவில் வாசலுக்கு வந்துவிட்டது. ராயகிரி வேல்சாமி டிராக்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். புழுதி அடங்கியதும், கிருபாபாய் டீச்சர் வீட்டின் தெற்குச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் குவியல் தெரிந்தது.

வேறு யார் வீட்டுச் சுவர் என்றாலும் சமாளித்திருப்பார். டீச்சர் அவருக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். முப்பது வருட சர்வீஸில் ஒரு பொய் சொல்லாதவர். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தால் தாலுகா ஆபீஸ் கடிகாரமே நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

டீச்சர் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஏலே வேல்சாமி, சுவரு இப்படிக் கிடக்கலாமா?"

"கிடக்கக் கூடாது டீச்சர்."

"டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

வேல்சாமி டிராக்டரின் நெற்றியைப் பார்த்தார். எலுமிச்சம்பழம்தான் தொங்கியது.

"இன்சூரன்ஸ் இல்லாத வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா எத்தனை நாள் அங்கன நிக்கும்?"

வேல்சாமி விரல்விட்டு நாளை எண்ணினார். புரட்டாசி பாதி போயாயிற்று. மழைக்கு முன்னால் உழாவிட்டால் அந்த வருட விதைப்பு அவ்வளவுதான்.

நேராக இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஞானதுரையிடம் ஓடினார்.

"அடுத்தவங்க சொத்துக்குச் சேதம்னா ரெண்டாயிரம் வரைக்கும் கம்பெனி கொடுக்கும். சட்டமே அப்படித்தான் வே" என்றார் ஞானதுரை.

"அப்ப ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. தேதிய மட்டும் நேத்தைக்குப் போட்டுருங்க."

"நல்லாருக்கே. நாளையில இருந்துதான் செல்லும். இன்னைக்கு இடிச்சதை நாளைக்கு உள்ள பாலிசி எப்படித் தாங்கும்?"

இங்கேதான் வேல்சாமியின் மூளை வேலை செய்தது. இன்றைக்கு அந்தச் செங்கல்லை ஒப்புக்கு அடுக்கிவைப்பது. நாளைக்குப் பாலிசியோடு வந்து முறைப்படி இடிப்பது.

கொத்தனார் பரமசிவனைக் கூட்டிவந்தார். குவியலுக்கு நடுவே இடுப்பளவு நின்ற எருக்கஞ்செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, களிமண்ணைக் குழைத்து நாலு வரிசை அடுக்கினார்கள். டீச்சர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மூணாவது வரிசை கோணலாத் தெரியலியா?"

பிரித்து அடுக்கினார்கள்.

"மண்ணு மழைக்குத் தாங்குமா?"

சிமெண்ட் மூட்டை வந்தது.

"அஸ்திவாரம் தோண்டாம சுவரு கட்டுத வழக்கம் ராயகிரில உண்டோ?"

தோண்டினார்கள். பரமசிவன் பாறை வரைக்கும் தோண்டினார். டீச்சரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிப்பதைவிடக் கடப்பாரை பிடிப்பது இருவருக்கும் சுலபமாக இருந்தது. டீச்சர் வீட்டில் வேலை செய்யும் முத்துத்தாய் வேளாவேளைக்கு மோர் கொண்டுவந்தாள். ஒரு நாள் மூன்று நாளாயிற்று. எழும்பிய சுவரில் யானையைக் கட்டிவைத்தால் யானைதான் இளைக்கும். நூல் பிடித்தாலும் மயிரிழை பிசகாது. சந்தைக்கு வந்தவர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் காலை, சட்டைப்பையில் பாலிசியோடு வேல்சாமி டிராக்டரில் வந்து சுவருக்கு எதிரே நிறுத்தினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த அழகை இடிக்கிற பாவத்தை எங்கே போய்க் கழுவுவது? திட்டத்தைக் கைவிட்டு வண்டியைத் தெருவோடு ஓட்டினார். சுவரை விட்டுக் கண்ணை எடுக்கத்தான் முடியவில்லை. கண் போன பக்கமே ஸ்டீயரிங்கும் போயிற்று.

தடார்.

சுவரில் ஒரு கீறல் இல்லை. டிராக்டரின் மூக்கு உள்ளே போய், ரேடியேட்டர் ஆவி விட்டு அழுதது.

செய்தி கேட்டு ஞானதுரை சைக்கிளில் வந்தார். வேல்சாமி பாலிசியை நீட்டினார்.

"இன்னைக்குத் தேதி சரியா இருக்குல்லா அண்ணாச்சி?"

"தேதி சரிதான் வே. ஆனா இது அடுத்தவங்க சொத்துக்கு. சுவத்துக்கு ஒண்ணும் ஆகலியே. உம்ம வண்டிக்கு வேற பாலிசில்லா போட்டிருக்கணும்."

வேல்சாமி புதுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்தச் சுவத்துல ரெண்டு தடவை மோதிட்டேனே. என் நேரம்."

முத்துத்தாய் மோர்ச் செம்பை நீட்டினாள்.

"ரெண்டு தடவை எங்க அண்ணாச்சி, பழைய சுவருதான் போன ஐப்பசி மழையிலயே விழுந்துட்டுதே."