ஈச்சிலம்பற்றுக் கல்வட்டமும் தியறி அண்ணரும்

அந்தக் காலத்துத் திருகோணமலையில் எந்தக் கேள்வியும் விடையில்லாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. அதற்குள் தியறி அண்ணர் பாய்ந்து பிடித்து, ஒரு தியறியை அதன் கழுத்தில் கட்டிவிடுவார்.

துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு கந்தோரில் அவரும் நானும் கிளாக்கர்மார். அவருடைய சொந்தப் பெயரை அவருடைய மனைவியாவது ஞாபகம் வைத்திருந்தாரா என்பது சந்தேகம். துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம்? "முந்தி ஒரு நட்சத்திரம் விழுந்த குழி." கோட்டைப் பக்கத்து மான்கள் ஏன் நட்ட நடு றோட்டில் படுக்கின்றன? "கடற்காத்தில அதுகளுக்குத் தலைசுத்து." எங்கள் பெரிய கிளாக்கர் ஏன் எந்நேரமும் சீறுகிறார்? "அவற்ற கதிரை மேற்குப் பாத்து இருக்கு." சொன்னதோடு நிற்காமல், மனிதர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் கதிரையைக் கிழக்கே திருப்பியும் வைத்தார். பெரிய கிளாக்கர் வந்து, வழக்கமான திசையில் உட்கார்ந்து, தரையில் விழுந்தார். கந்தோர் அதிரக் கத்தினார்.

"குரல் மாறியிருக்கு, கவனிச்சியளோ?" என்றார் தியறி அண்ணர் என் காதில்.

இப்படிப்பட்டவரை எங்களோடு வேலை செய்த நடராசா தன் கலியாணத்துக்குக் கூப்பிட்டான். பெண் வீடு ஈச்சிலம்பற்றில். காலையில் ஒதுங்குவதற்காகப் பற்றைக் காட்டுக்குள் போன தியறி அண்ணர், கெட்டிமேளம் கொட்டப் போகும் நேரத்தில் சால்வை முள்ளில் கிழிந்து தொங்க, பந்தலுக்குள் ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்கோ! ஒரு விஷயம் கண்டுபிடிச்சிட்டன்!"

மேளம் நின்றது. தாலியோடு நடராசாவின் கை அந்தரத்தில் நின்றது. பெண்ணின் தகப்பனார் வெளிறிப்போய், "மாப்பிளையைப் பற்றியோ?" என்று கேட்டார்.

"மாப்பிளையை விடுங்கோ! காட்டுக்குள்ள கல்லு! ஆளுயரக் கல்லு, வட்டமா நட்டுக் கிடக்கு!"

"அது என்ர பாட்டன் காலத்திலயும் கிடந்தது. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார் தகப்பனார், திரும்பி வந்த உயிரோடு. மேளம் மறுபடி கொட்டியது.

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் வேறு கதை கிடையாது. யார் நட்டார்கள்? எதற்கு நட்டார்கள்? திங்கட்கிழமை அது மணிக்கூடு. புதன்கிழமை ராசாவின் நீதிமன்றம், கல்லுக்கு ஒரு மந்திரி. வெள்ளிக்கிழமை மழையை அழைக்கும் மேடை. தாங்க முடியாமல் ஒரு சனிக்கிழமை நானும், எங்கள் ஸ்டோர்கீப்பரான கிண்ணியா ஹமீது நானாவும் அவரோடு புறப்பட்டோம். லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூர், அங்கிருந்து பஸ், பிறகு ஒரு டிராக்டர் பெட்டி, பிறகு முள்.

சாம்பல் நிறக் கற்கள், தோளோடு தோள் உரசாத தூரத்தில், ஏதோ ஒன்றைச் சுற்றிக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றன. நடுவில் பாதி மண்ணில் புதைந்த ஒரு பெரிய பலகைக் கல்.

தியறி அண்ணர் தன் குடையைப் பலகைக் கல்லுக்குப் பக்கத்தில் குத்தி நிழலைப் பார்த்தார். "மூண்டு மணி!"

"என்ர கையில பதினொண்டரை," என்றார் ஹமீது நானா.

"அந்தக் காலத்து நேரம் வேற, ஹமீது."

மணிக்கூட்டுத் தியறியை அவர் அப்படியே கைவிட்டார். அடுத்த தியறி உடனே பிறந்தது. "விளங்கிற்று! இது யானைக்குக் காவல். உள்ளுக்க மனிசர், வெளியில யானை. வட்டத்துக்குள்ள யானை வராது!"

பற்றைக்குள் கிளை முறிந்தது. உண்மையாகவே யானை. நான் ஓடினேன். வாழ்நாளில் மரம் ஏறாத ஹமீது நானா பாலை மரத்தின் நடுக்கொப்பில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"இறங்கி உள்ளுக்க வாங்கோ! இதுதான் பாதுகாப்பு!" என்று நடுவில் நின்று கத்தினார் தியறி அண்ணர்.

யானை வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றது. கற்களைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அவர் எங்களை வெற்றியோடு பார்த்தார். பிறகு அது இரண்டு கற்களுக்கு நடுவே சாவகாசமாக உள்ளே நுழைந்து, அவரைத் தாண்டி, மறுபக்கத்தால் வெளியேறிப் போனது.

குத்திய குடையைப் பிடுங்கிக்கொண்டு, வெள்ளைக் கடதாசி மாதிரி முகத்தோடு அவர் சொன்னார்: "தியறியைக் கொஞ்சம் திருத்த வேணும்."

சில மாதங்கள் கழித்து நடராசாவின் மாமனார் கந்தோர் வாசலில் வந்து நின்றார். றோட்டு வேலைக்குக் கொந்தராத்து எடுத்த ஒருவர் மதகு கட்ட அந்தக் கற்களை உடைத்து எடுக்கப் போகிறாராம். தியறி அண்ணர் பேனாவை மூடவில்லை, லீவு சொல்லவில்லை. நானும் ஹமீது நானாவும் அவருக்குப் பின்னால் ஓடினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் வந்துவிட்டது. அலவாங்கோடும் சம்மட்டியோடும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தியறி அண்ணர் நேரே போய் நடுவிலிருந்த பலகைக் கல்லின்மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

கொந்தராத்துக்காரர் கெட்டவரல்லர். நெற்றி நிறைய விபூதியும் அவசரமும் உள்ளவர். "ஐயா, இது என்ன சாமான் எண்டு சொல்லுங்கோ. கோயில் எண்டால் கும்பிட்டிட்டு இப்பவே போறன்."

ஹமீது நானா பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "கோயில் எண்டு சொல்லிப்போடுங்க அண்ணன். வேலை முடிஞ்சிது."

எதற்கும் ஒரு விடை வைத்திருந்த மனிதர். ஒரே ஒரு சொல் போதும். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"தெரியாது," என்றார்.

ஹமீது நானா தலையில் கைவைத்தார்.

"தெரியாதோ?" என்றார் கொந்தராத்துக்காரர்.

"ஓம். நானும் எத்தினையோ சொல்லிப் பாத்திட்டன். எல்லாம் பிழைச்சுப் போச்சு. இவ்வளவு பாரத்தை எங்கையோ இருந்து இழுத்துக்கொண்டு வந்து நட்டிருக்கினம். என்னத்துக்கு எண்டு தெரியாமல் எப்பிடி உடைக்கிறது? உடைச்சால் பிறகு ஆரைக் கேக்கிறது?"

அப்போது டிராக்டர் ஓட்டி வந்தவர் மெதுவாக, "ஐயா, நெல்லுச் சூடு மிதிக்கிற களமா இருக்குமோ?" என்றார்.

"களத்துக்கு ஏனடா இவ்வளவு பெரிய கல்லு?" என்று சம்மட்டிக்காரர் குறுக்கிட்டார். "மாட்டுப் பட்டி."

"பட்டி எண்டால் வாசல் எங்க?" என்றார் இன்னொருவர். சம்மட்டிகள் கீழே கிடந்தன. ஆட்கள் கற்களைத் தட்டினார்கள், தடவினார்கள், காது வைத்துக் கேட்டார்கள். கடைசியில் கொந்தராத்துக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். "உங்கள் எல்லாருக்கும் விசர். இது மண் விழுந்து தூந்துபோன கிணறு. ஆரையும் கூப்பிட்டுக் கிண்டிப் பாருங்கோ. நான் சொன்னதுதான் சரியா வரும். அதுமட்டும் இதில ஒருத்தரும் கை வைக்க ஏலாது!"

தியறி அண்ணர் அடுத்த நாளே தபால் கந்தோரிலிருந்து கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். அவர் போட்ட சத்தம் டெலிபோன் இல்லாமலே கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கும். அங்கிருந்து தொல்பொருள் படித்த ஒரு மிஸ், கண்ணாடியும் பெரிய தொப்பியுமாக, நாலு ஆட்களோடு வந்து சேர்ந்தார். தோண்டும் நாளில் ஊரே திரண்டது. கொந்தராத்துக்காரர் கிணற்றுக்குக் கயிறும் வாளியும் கொண்டுவந்திருந்தார்.

பலகைக் கல்லை நெம்பி நகர்த்தினார்கள். அடியில் கற்பலகைகளால் அடைத்த ஒரு பெட்டி. அதற்குள் கறுப்பும் சிவப்புமான பானைகள், துருப்பிடித்த ஒரு கத்தி, வெந்த எலும்புத் துண்டுகள். மிஸ் ஒரு சின்னப் பானையைத் தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுத்தார். அதற்குள் சிவப்புப் பாசிமணிகள். கோத்தால் ஒரு குழந்தையின் கைக்குத்தான் அளவாக இருக்கும்.

"இது கல்லறை," என்றார் மிஸ். "ராசாக்களின்ர கதையெல்லாம் துவங்க முந்தி இஞ்ச இருந்த சனம், தங்கட செத்த ஆக்களுக்குக் கட்டினது. சுத்தி நிக்கிற கல்லுகள் அதுக்கு எல்லை."

தியறி அண்ணரின் பட்டியலில் இது மட்டும் இருந்ததே இல்லை. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். கொந்தராத்துக்காரரும் வாளியைப் பற்றைக்குள் தள்ளிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"மிஸ்," என்றார் தியறி அண்ணர், "அப்ப இது அறிவாளியள் கட்டினதில்லையோ? தாய் தகப்பன்தானோ கட்டினது?"

"அப்பிடித்தான் இருக்கும்," என்றார் மிஸ்.

"நான் சொன்னது எல்லாமே பிழை!" என்று அவர் எங்களைப் பார்த்துக் கூவினார். தேர் பார்த்த பிள்ளையின் முகம் அது. "ஒண்டு மிச்சமில்லாமல் பிழை!"

பானைகளை மிஸ் கொண்டு போனார். வட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. மதகுக்கு வேறு கல் கிடைத்தது.

அன்று பின்னேரம் மூதூரிலிருந்து திரும்பும் லோஞ்சில் தியறி அண்ணர் ஓரமாக உட்கார்ந்து, அந்தச் சனம் எந்தக் கரையில் வந்து இறங்கியிருக்கும், அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள், பாரம் இழுக்கும்போது என்ன பாட்டுப் பாடியிருப்பார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். லோஞ்சில் ஏறியிருந்த எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கியிருந்தோம். நடுக்குடாவில் லோஞ்சுக்காரர் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"ஒரு பக்கம் சரியுது! கொஞ்சப்பேர் அங்கால போய் இருங்கோ!"

ஒருவரும் அசையவில்லை.